சொல்லிக்கொடுத்தார்கள்

ஜூன் 9

மகளுக்கு அம்மா எழுதுவது.

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. நீ இருந்தாய். உன் புருஷன், லாரி எடைமேடைக்காரன், இருந்தான். பெரியவள் கணக்கு நோட்டோடு இருந்தாள், அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. சுண்டு கட்டிலுக்குக் கீழே பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மாடியிலிருந்து கம்பவுண்டரும் அவர் மனைவியும் இறங்கி வந்தார்கள். "ஆறு வருஷத்துக்கு முந்தி நடந்ததை யார் பார்த்தார்கள், ஏன் கிளறுகிறாய்" என்று எழுதியிருந்தாயே, அதற்கு இதுதான் பதில்.

நான் ஓடி வந்தபோது பெரியவள் தரையில் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம். அவன் மர ஸ்கேலோடு நடுவில் நின்றான். வேலையிலிருந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, வந்ததும் வராததுமாக அவ்வளவு ஆத்திரம். யார் அடித்தது என்று கேட்டேன். "நான்தான் அத்தை" என்றான், ஏதோ பால் வாங்கி வந்தது யார் என்று கேட்ட மாதிரி. நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். மறுவாரம் அவன் ஊரை விட்டுப் போனான். பெரியவளை நான் என்னோடு கூட்டி வந்தேன். இதில் எதை மறக்கச் சொல்கிறாய்?

பெரியவளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாய். அவளைக் கேட்டேன். எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த அடுப்பையே துடைத்தாள். அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

சுண்டுவுக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கத் தரை துடைத்துவிட்டு வந்து நீ அவளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கணக்கை எனக்கு எழுதச் சொல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பெரியவள் இருக்கிறாள். நானும் கற்றுக்கொள்கிறேன், என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்த வாத்தியார் எங்கிருந்தாலும் பார்க்கட்டும்.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குனிந்து துடைக்காதே, நீளக் கம்பு வாங்கு.

அம்மா

ஜூன் 20

என் பாட்டிக்கு சுண்டு எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் நலமா? அக்கா நலமா?

அம்மா சொன்னாள், கணக்கை வரி வரியாக எழுத வேண்டுமாம். விடை மட்டும் எழுதினால் டீச்சரும் பாதி மார்க்தான் தருவார்.

கணக்கு: 503இலிருந்து 268ஐக் கழி.

முதல் வரி. மூன்றிலிருந்து எட்டு போகாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருக்கிறது. அது பாவம், அதனிடமே ஒன்றும் இல்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே எடுத்துக்கொண்டேன். விடை 335 வந்தது. தப்பாம்.

இன்னொரு சந்தேகம். வாங்கின கடனை எப்போது திருப்பித் தருவது? டீச்சரைக் கேட்டேன், "தர வேண்டாம், உட்காரு" என்றார். அம்மாவைக் கேட்டேன், சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தக் கேள்வி பரீட்சையில் வராது என்றாள்.

என் பென்சிலை நானே கடிக்கிறேன் என்று அம்மா திட்டுகிறாள். அதுவாகவே தேய்கிறது.

சுண்டு

ஜூன் 28

சுண்டுக் கண்ணுக்குப் பாட்டி முத்தம் கொடுத்து எழுதுவது. முழங்கால் மழைக்கு முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி நலம். அக்கா தையல் கடைக்கு என்னோடு வருகிறாள். நான் சட்டைக்குக் காஜா எடுக்கிறேன், அவள் பொத்தான் வைக்கிறாள்.

உன் கணக்கை அக்காவும் நானும் போட்டோம். இப்படிப் போட வேண்டும்.

ஒன்று வீட்டில் மூன்று இருக்கிறது, எட்டு கேட்கிறார்கள். பத்து வீட்டில் பூஜ்யம். சரி, அதற்கும் அடுத்த நூறு வீட்டுக்குப் போ. அங்கே ஐந்து. ஒன்றைக் கொடுத்துவிட்டு நான்கு ஆகிவிடும். அந்த ஒன்று பத்து வீட்டுக்கு வந்தால் பத்து. அதிலிருந்து ஒன்று உனக்கு, பத்து வீட்டில் மிச்சம் ஒன்பது. உன்னிடம் இப்போது பதின்மூன்று.

பதின்மூன்றில் எட்டு போனால் ஐந்து. ஒன்பதில் ஆறு போனால் மூன்று. நான்கில் இரண்டு போனால் இரண்டு. விடை 235.

நீ நூறு வீட்டில் வாங்கியதை அவர்கள் கணக்கில் குறைக்க மறந்துவிட்டாய். அதனால்தான் நூறு கூடிப்போனது. தப்புப் போட்டால் என்ன, அழித்துவிட்டுப் போடு.

திருப்பித் தருவது பற்றி நீ கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் மாடி வீட்டுக் கம்பவுண்டர் மனைவி என் குடையை வாங்கிப் போனாள், இன்றுவரை வரவில்லை. குடைக்குப் பூ போட்ட கைப்பிடி. பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

பாட்டி

ஆகஸ்ட் 3

பாட்டிக்கு வணக்கம். நான் நலம். அங்கே எல்லோரும் நலமா?

கணக்கு: சரக்கோடு ஒரு லாரியின் எடை 7020 கிலோ. காலி லாரியின் எடை 2345 கிலோ. சரக்கின் எடை என்ன?

வழி:
பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது. பக்கத்திலிருந்து பிடுங்கு. பத்தில் ஐந்து போனால் ஐந்து.
இரண்டு இப்போது ஒன்று. ஒன்றிலிருந்து நான்கு போகாது. பக்கத்தில் பூஜ்யம். அதற்கு அடுத்த ஏழிலிருந்து பிடுங்கு. ஏழு ஆறு ஆனது. பூஜ்யம் ஒன்பது ஆனது. பதினொன்றில் நான்கு போனால் ஏழு.
ஒன்பதில் மூன்று போனால் ஆறு.
ஆறில் இரண்டு போனால் நான்கு.
விடை 4675 கிலோ.

இப்போது நான் கடன் என்று எழுதுவதில்லை. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். கணக்கில் யாரும் தருவதில்லை. அதனால் பிடுங்கு என்றுதான் சொல்ல வேண்டும், அப்போதுதான் மறக்காது. வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள்.

தப்புப் போட்டால் அழிக்கக் கூடாது. முதலிலேயே சரியாகப் போட வேண்டும்.

சுண்டு

ஆகஸ்ட் 12

மகளுக்கு.

நலம் விசாரிக்க மனம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன், நலமா? நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் வந்துவிட்டானா?

சுண்டுவின் கடிதத்தில் 'பிடுங்கு' என்று வருகிறது. நம் உறவில் யாரும் கழித்தலில் பிடுங்கியது கிடையாது. கடன் வாங்குவோம், அவ்வளவுதான். எடைமேடையில் உட்கார்ந்து லாரியிலிருந்து லாரியைக் கழித்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான் பிடுங்கு என்பான். உன் கல்யாணத்துக்கு மறுமாதம் இதே வாசலில் விளக்கம் வேறு சொன்னான், கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் அத்தை என்று. வார்த்தை மாறாமல் பிள்ளை எழுதியிருக்கிறாள்.

அது போகட்டும். "சொல்லிக்கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறாள். யார் அந்த ஆர்கள்? நம் வீட்டில் அம்மாவை யாரும் மரியாதை போட்டுப் பேசியதில்லை. நான் என் அம்மாவை அவள் என்றுதான் சொன்னேன், நீ என்னைச் சொல்கிறாய், உன் பிள்ளைகள் உன்னைச் சொல்கிறார்கள். ஜூன் மாதக் கடிதத்தில்கூட "அம்மா சொன்னாள், அம்மா திட்டுகிறாள்" என்றுதான் இருக்கிறது. அப்படியானால் இந்த ஆர்கள் ஓர் ஆம்பிளை. அப்பா.

என்னை எழுத்துத் தெரியாதவள் என்று நினைத்து ஏமாற்றாதே. எனக்குக் கொஞ்சம் எழுத்துதான் தெரியும், அதனால் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பேன்.

கடிதத்தைப் பெரியவளுக்குப் படித்துக் காட்டினேன். "எந்த வரியில பாட்டி?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

உடனே பதில் போடு.

அம்மா

செப்டம்பர் 5

அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

அவர் வரவில்லை. வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். சுண்டு தலையில் கை வைத்துச் சொல்கிறேன், போதுமா? யார் சொல்லிக்கொடுத்தால் என்ன, விடை சரியாக வருகிறதா இல்லையா என்று பார். போன தேர்வில் முப்பத்தெட்டு வாங்கியவள் இந்தத் தேர்வில் தொண்ணூற்றொன்று. நீயும் பெரியவளும் வீடு வீடாகக் கூட்டிப் போய்க் கதை சொன்னால் அவள் பாஸ் ஆக மாட்டாள். நான் துடைக்கிற தரையில் வெள்ளை ஷூ போட்டு நடந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள். அது உனக்குப் புரியாது.

சுண்டு மாடிப்படியில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் அடி. கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கடிதம் வராது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் மகள்

செப்டம்பர் 14

எடைமேடைக்காரருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உங்கள் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிக்க வேண்டாம். பெரியவளுக்கு வருஷா வருஷம் நீங்கள் அனுப்பும் பார்சலை நான் பிரித்ததில்லை, மேலே எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன்.

ஒரு கேள்விதான். நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் வருகிறீர்களா? சுண்டு கழித்தலில் பிடுங்குகிறாள். இப்போது கையில் கட்டு. ஒரு பெண்ணின் காதைக் கெடுத்தது போதாதா?

உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் நேரில் வருவேன். உங்கள் எடைமேடையில் ஏறி நின்று லாரிக்காரர்கள் முன்னால் கேட்பேன்.

பெரியவளின் பாட்டி

அக்டோபர் 1

மதிப்பிற்குரிய பாட்டிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்.

கணக்கு: 245 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். ஒரு பேருந்தில் 45 பேர் உட்காரலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்?

வழி: 245ஐ 45ஆல் வகு. ஐந்து முறை போகும். 225. மீதி 20.
ஐந்து பேருந்துகள் என்று எழுதக் கூடாது. மீதி 20 பேரை விட்டுவிட்டுப் போக முடியாது. அவர்களுக்கும் ஒரு பேருந்து வேண்டும். விடை 6 பேருந்துகள்.

முன்பு ஐந்து என்று எழுதினேன். அது என் கவனக்குறைவு. மீதியைப் பார்க்காமல் விடுவது சோம்பேறித்தனம் என்று அம்மா சொன்னார்கள். இனி விட மாட்டேன்.

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா மிகவும் நல்லவர்கள். நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
சுண்டு

அக்டோபர் 6

அத்தைக்கு வணக்கம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். பெரியவள் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் இந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தத் தெருவுக்கே வரவில்லை. எங்கள் மேனேஜரைக் கேளுங்கள், இங்கே லாரி நிற்கிறதோ இல்லையோ நான் நிற்க வேண்டும்.

பிடுங்கு என் வார்த்தைதான். டிரைவர்களோடு விளையாட்டாகச் சொன்னது. அதை நான் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன், உங்கள் மகளுக்கு. நர்ஸ் பயிற்சித் தேர்வுக்கு அவள் படித்தபோது கழித்தலில் பூஜ்யம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே போடுவாள். மூன்று தடவை எழுதினாள். மற்றதெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் போனது. பிறகுதான் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அன்றைக்கு நான் வாசலைத் தாண்டும்போதே பெரியவள் விழுந்து கிடந்தாள். ஷூவோடு ஓடிப் போய் உங்கள் மகள் கையிலிருந்து ஸ்கேலை வாங்கினேன். அதற்குள் நீங்கள் வந்து யார் அடித்தது என்று கேட்டீர்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான்தான் என்று வந்துவிட்டது. அவள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத வேலை, அந்த ஆஸ்பத்திரிக்கே காயத்தைக் கொண்டு போகப் போகிறோம். தெரிந்தால் துரத்திவிடுவார்கள் என்று அந்த நேரத்தில் பட்டது. பழியை நான் எடுத்துக்கொண்டு போனால் அந்த வெட்கத்திலேயே அவள் இனிக் கை ஓங்க மாட்டாள் என்றும் நினைத்தேன்.

மற்ற நேரத்தில் அவள் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள் அத்தை. உங்களுக்குத் தெரியும். கணக்கு நோட்டைத் திறந்தால் வேறு ஆள். சுண்டு அப்போது பொம்மை வைத்து விளையாடிய குழந்தை. அவளும் ஐந்தாம் வகுப்புக்கு வருவாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கிளம்புங்கள். நானும் லீவு கேட்டிருக்கிறேன், கொடுக்காவிட்டாலும் வருவேன்.

உங்கள் மருமகன்

அக்டோபர் 15

மகளுக்கு அம்மா எழுதுவது.

சுண்டு என்னிடம் இருக்கிறாள். சாப்பிட்டாள், தூங்கினாள். நீ ஊரெல்லாம் தேட வேண்டாம். கம்பவுண்டர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், ஆனாலும் என் கையால் எழுதுகிறேன்.

சுண்டுவின் கடிதமும் மருமகன் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. சுண்டுவினுடையதை முதலில் படித்தேன். "அம்மா சொன்னார்கள்." அந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. ஆர்கள் என்றால் ஆம்பிளை என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது. பயந்த பிள்ளையும் அப்படித்தான் பேசும். பெற்றவளை அவள் என்று சொல்ல முடியாமல் போகிற அளவுக்கு நீ ஆகிவிட்டாய்.

பெரியவளை அவளுடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

"அன்னைக்கு உன்ன அடிச்சது யாரு?"

"எந்த அன்னைக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பொத்தானில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா."

"ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா நீ அம்மாவ வாசல்ல நிக்க வச்சுடுவ. எனக்கு அம்மா வேணாமா?"

"சுண்டு அங்க தனியாத்தானே இருந்தா?"

அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தாள். "அவளுக்குக் கணக்கு வரும்னு நெனச்சேன் பாட்டி."

மறுநாள் முதல் பேருந்தில் இருவரும் உன் ஊருக்கு வந்தோம். நீ வேலையில் இருந்தாய். பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்ததும், "நீங்க யாராவது வருவீங்கன்னுதான் இருந்தேன். நாங்களும் கேட்டோம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வழுக்கி விழுந்தேன், வழுக்கி விழுந்தேன்னு சொல்றா. இந்த வாரம் போலீஸுக்குச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், அக்காக்காரியையும் போடச் சொன்னார்.

சுண்டு வகுப்பிலிருந்து வந்தாள். என் மடியில் வந்து விழுவாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். மூன்று அடி தள்ளி நின்று, "வாங்க பாட்டி. நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

கம்பவுண்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இது விழுந்த கை இல்லம்மா. முறுக்கின கை" என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். சத்தம் கேட்டிருக்கிறது அவர்களுக்கு. அன்றைக்கு இறங்கி வந்தவர்கள் இந்தத் தடவை வரவில்லை. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்களாம்.

பேருந்தில் சுண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி தூரத்தில் மெதுவாகக் கேட்டாள், "அம்மாவுக்கு இடுப்பு வலிக்குமே, யாரு தைலம் தேய்ப்பாங்க?" பெரியவள் அவளைத் தன் நல்ல காதுப் பக்கம் மாற்றி உட்கார வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவள் திரும்பச் சொல்லவில்லை.

மருமகன் நேற்று வந்தார். வாசலில் நின்றே பேசினார். உள்ளே வாங்க மாப்பிள்ளை என்றேன். அந்த வார்த்தை ஆறு வருஷத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததில் இருவருக்குமே கூச்சமாகப் போய்விட்டது. சுண்டுவின் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

இனி நடக்கப் போவதைக் கேள். இங்கேயே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்தானே, உனக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்று அங்கேயே யாரையாவது கேள். கேட்டுப் பார்த்துக்கொள். பிறகு வா. வரலாம், தடுக்க மாட்டேன். பகலில் வா. சாப்பாடு போடுவேன். உன் இடுப்புக்குத் தைலம் நானே தேய்க்கிறேன். பிள்ளைகளோடு ஓர் அறையில் உன்னைத் தனியாக விட மாட்டேன். சுண்டு பள்ளிப் பையைத் திறந்தால் நீ எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

உன் புருஷன் உன்னை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். பெரியவள் எப்போதோ மன்னித்துவிட்டாள், அந்தக் காது கேட்காமல் போன அன்றே மன்னித்திருப்பாள் போலிருக்கிறது. சுண்டு இந்தக் கடிதத்தில் உனக்கு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அது அவர்கள் பாடு. பெரிய மனசுக்காரர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் மன்னிக்காத ஆள் இந்த உலகத்தில் இனி ஒருத்திதான். நான் பெற்ற மகள். நீ.